வாசிக்காத மூன்று பெயர்கள்

பிப்ரவரி 14, புதன். சாம்பல் புதன்.

சபையில் லெந்து காலத்து நாற்பது தவநாளுக்கென்று வீட்டுக்கு ஒரு நோட்டு கொடுத்திருக்கிறார்கள். புதிதாக வந்திருக்கிற இளம் குருவானவர், சின்ன ஐயரின் ஏற்பாடு. நீல அட்டை. மேலே ஒரு சிலுவை, கீழே உபயம் செய்த பாத்திரக் கடையின் பெயர், சிலுவையைவிடப் பெரிதாக. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஒரே கேள்வி: "இன்று என் விசுவாசத்தை எந்தச் செயலில் காட்டினேன்?"

இருபத்தேழு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். எந்தக் கேள்விக்குப் பிள்ளைகள் பக்கத்து பெஞ்சைப் பார்த்து எழுதும் என்று எனக்குத் தெரியும். இது அந்த மாதிரிக் கேள்வி.

பெண்கள் ஐக்கிய சங்கத்தின் வாட்ஸ்அப் குரூப்பில் காலையிலிருந்து விரதப் பட்டியல். தலைவி கிரேஸ் சுகிர்தா நாற்பது நாளும் மீனைத் தொட மாட்டாளாம். அதற்குக் கீழே முப்பத்தொரு பேர் கும்பிடு போட்டிருக்கிறார்கள். மீன்கள் பிழைத்தன.

சரி, நானும் எழுதுகிறேன். இன்று மாமாவுக்கு மூன்று தடவை துணி மாற்றினேன். விசுவாசத்தினால் அல்ல. நாற்றத்தினால்.

பிப்ரவரி 16, வெள்ளி

மாமா என்றால் என் மாமனார், அருள்திரு ஞானசிகாமணி ஐயர். எண்பத்தைந்து வயது. இந்தக் கிருபைவிளை சபையில் பதினான்கு வருஷம் குருவானவராக இருந்தவர். கோயில் கோபுரம் அவர் கட்டியது. நாலு வருஷமாக மறதி நோய். மகன் பெயர் தெரியாது. பாமாலையில் பாதிப் பாட்டு வரிசை பிசகாமல் தெரியும். கெட்ட வார்த்தைகளும் நிறையத் தெரிகிறது. அதை எந்த இறையியல் கல்லூரியில் சொல்லிக் கொடுத்தார்களோ.

இவருக்காகத்தான் நான் வேலையை விட்டேன்.

என் வீட்டுக்காரர் எட்வின், பேங்கிலிருந்து ஓய்வு பெற்றவர், சபைச் செயலாளர். தினம் காலையில் முன்னறையில் இருபது நிமிஷம் குடும்ப ஜெபம். "படுக்கையில் கிடக்கிற உம்முடைய ஊழியக்காரரை நீரே தாங்கும் ஆண்டவரே" என்று குரல் தழுதழுக்கும். ஆண்டவர் தாங்குவார், நான் கழுவுவேன். இவர் கைக்குட்டையை மூக்கில் வைக்காமல் அப்பாவின் அறைக்குள் நுழைந்து இரண்டு வருஷம் இருக்கும்.

பிப்ரவரி 18, ஞாயிறு

ஆராதனை முடிந்து ஐக்கிய சங்கத்துப் பெண்கள் பதினோரு பேர் "ஐயருக்காக ஜெபிக்க" வந்தார்கள். பட்டுச்சேலை கசங்காமல் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். கிரேஸ் சுகிர்தா கண்ணை மூடி, வலது கையைத் தூக்கி, தொண்டையைத் திறந்தாள். மாமா அவளையே உற்றுப் பார்த்தார்.

"எருமை! வாயை மூடு!"

ஜெபம் நின்றது. பின்னால் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். கிரேஸ் சுகிர்தா கண்ணைத் திறக்காமலே "ஆமென்" என்று முடித்துவிட்டாள். இவ்வளவு சுருக்கமான ஜெபத்தை அவள் வாயிலிருந்து கேட்டது இதுவே முதல் தடவை. மாமாவுக்கு இரவில் ஒரு முட்டை கூடுதலாகக் கொடுக்க வேண்டும்.

வந்தவர்கள் கேக்கும் காப்பியும் சாப்பிட்டுவிட்டு, "டீச்சருக்குப் பரலோகத்துல கிரீடம் இருக்கு" என்று சொல்லிப் போனார்கள். ஒருத்திகூடத் தம்ளரைக் கழுவ வேண்டுமா என்று கேட்கவில்லை. கிரீடத்தை வைத்துக்கொண்டு தம்ளரைக் கழுவுங்கள் என்று சொல்ல நினைத்தேன்.

பிப்ரவரி 20, செவ்வாய்

வாஷிங் மெஷின் ஓடவில்லை. இன்றைக்கு விசுவாசம் கையால்தான்.

பிப்ரவரி 23, வெள்ளி

இன்று மத்தியானம் மாமா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"லில்லி வந்து நிக்கா. உள்ள கூப்பிடு."

"அங்க யாருமில்ல மாமா. சோத்தை முழுங்குங்க."

"வெயில்ல நிக்கா பாரு. கூப்பிடு அவளை."

மூன்று தடவை சொன்னார். லில்லி யார் என்று எனக்குத் தெரியாது.

பிப்ரவரி 25, ஞாயிறு

மாமா குருப்பட்டம் பெற்று ஐம்பது வருஷம் ஆகிறதாம். சபையில் பொன்விழா. ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு, ஏப்ரல் 7. பாத்திரக் கடை தங்கத்துரை அண்ணாச்சிதான் விழாக் கமிட்டித் தலைவர். மாமாவைச் சக்கர நாற்காலியில் பீடத்துக்கு முன்னால் உட்கார வைத்துப் பொன்னாடை போர்த்துவார்களாம். மருமகள் என்ற முறையில் நான் ஐந்து நிமிஷம் சாட்சி சொல்ல வேண்டுமாம்.

"எதுக்குச் சாட்சி?" என்றேன்.

"அப்பாவை எப்படிப் பாத்துக்கிடுதன்னு சொல்லு. நாலு பேருக்கு உத்வேகமா இருக்கும்லா" என்றார் இவர்.

"அப்ப அந்த நாலு பேரையும் இங்க வரச் சொல்லுங்க அத்தான். துணி ஊறிக்கிடக்கு."

பேசமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 2, சனி

லில்லி, லில்லி என்று நாள் முழுக்க. இவர் ஆடிப்போயிருக்கிறார். பொன்விழா நேரத்தில் எண்பத்தைந்து வயது ஐயர் ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தால் சபை என்ன நினைக்கும்? மாமா இந்தச் சபையில் ஊழியம் பண்ணின காலத்தில் என் வீட்டுக்காரர் கோயம்புத்தூரில் வேலையில் இருந்தார், ஊர்க் கதை தெரியாது.

"யாரு நவமணி அது? நீ இந்த ஊர்க்காரிதானே?"

"எனக்கென்ன தெரியும்."

சென்னையிலிருக்கிற நாத்தனாருக்குப் போன் போட்டார். அவள், அது அசுத்த ஆவி, ஒரு போதகரை வைத்து விரட்ட வேண்டும் என்றாளாம். நாலு வருஷத்தில் இரண்டு தடவை வந்து தகப்பனைப் பார்த்தவளுக்கு ஆவியெல்லாம் சென்னையிலிருந்தே தெரிகிறது. பிறகு இவர் தயங்கித் தயங்கி என்னிடம் வந்து, விழா அன்றைக்கு மட்டும் தூக்க மாத்திரை கொடுக்கலாமா என்று டாக்டரைக் கேட்கச் சொன்னார்.

காலையில் ஜெபம் பண்ணிய அதே வாய்.

மார்ச் 6, புதன்

மாமாவுக்குக் கால் கழுவிவிட்டுக்கொண்டிருந்தேன். என் தலையில் கையை வைத்தார். ஆசீர்வாதமோ என்று நினைத்தேன்.

"லில்லி. உன் பேரை வாசிச்சுட்டேனே அம்மா. அவன் பேரை வாசிக்கலையே."

"காலைத் தூக்குங்க மாமா."

"வாசிக்கலையே."

புளிக்குழம்பு வைத்தேன். உப்பு கூடிவிட்டது.

மார்ச் 9, சனி

ஒன்றுமில்லை.

மார்ச் 10, ஞாயிறு

எழுதித் தொலைக்கிறேன். எனக்கு லில்லியைத் தெரியும்.

1988. எனக்குப் பதினேழு வயது, லில்லி அக்காவுக்குப் பத்தொன்பது. இருவரும் கொயரில் பக்கத்துப் பக்கத்தில் நிற்போம். அவளுக்குத் தகப்பன் இல்லை, தாய் பீடி சுற்றுகிறவள். லில்லி பாடினால் ஆர்மோனியக்காரர் தலையைத் தூக்கிப் பார்ப்பார். அந்த வருஷம் அவள் கர்ப்பமானாள். காரணம் தங்கத்துரை. அப்போது அவனுடைய அப்பாதான் சபைப் பொருளாளர், கோபுர வேலைக்குப் பொறுப்பாக நின்றவர்.

லில்லி ஐயரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். கலியாணம் பண்ணி வைப்பார் என்று நம்பினாள். இரண்டு வாரம் கழித்து, ஆராதனையில் அறிவிப்புகள் வாசிக்கிற நேரத்தில், மாமா பீடத்துக்கு முன்னால் நின்று, "சபை ஒழுக்கத்துக்கு விரோதமாக நடந்த லில்லி புஷ்பம் திருவிருந்திலிருந்து விலக்கப்படுகிறாள்" என்று வாசித்தார். அப்பமும் ரசமும் இனி அவளுக்கு இல்லை. அடுத்த அறிவிப்பு, கோபுரத்துக்குச் செங்கல் வந்திறங்கியது பற்றி.

அவள் கொயர் வரிசையிலிருந்து இறங்கி நடு வழியாக நடந்து போனாள். ஒருத்தர் எழும்பவில்லை. முந்நூறு பேர் குனிந்து பாட்டுப் புத்தகத்தில் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தார்கள். கோழைகள். அதற்கடுத்த வாரம் தாயும் மகளும் ஊரில் இல்லை.

ஐயர் ஒருத்தரைக் கூப்பிட்டு விசாரித்தாரா? இல்லை. இப்போது கட்டிலில் கிடந்து புலம்புகிறார். புலம்பட்டும்.

மார்ச் 14, வியாழன்

தங்கத்துரை அண்ணாச்சி அழைப்பிதழ் மாதிரியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பையில் குட்டி வேதப்புத்தகத்தின் ஜிப் தெரிகிறது. என் வீட்டுக்காரர் கடைக்குப் போயிருந்தார்.

அண்ணாச்சி கட்டிலருகே குனிந்து, "தோத்திரம் ஐயா" என்றார்.

மாமா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை.

"லில்லிட்ட போனியா?"

அண்ணாச்சியின் முகத்தில் ஒரு கோடு அசைய வேண்டுமே. அசையவில்லை.

"பாவம், ஐயாவுக்கு நினைவு தடுமாறுது" என்று விரல் விரலாகக் கையை விடுவித்துக்கொண்டார்.

காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து போகும்போது வாசலில் நின்றார். குரலைத் தாழ்த்தி, அன்பாகத்தான் சொன்னார்:

"நவமணி, நீ அந்தக் காலத்துலயே நல்ல பிள்ளை. வாயைத் திறக்கல. அதான் ஆண்டவர் உன்னை ஐயர் குடும்பத்துல கொண்டு வச்சாரு."

அந்தத் தம்ளரை இரண்டு தடவை தேய்த்தேன். பிறகு குப்பையில் போட்டேன்.

மார்ச் 15, வெள்ளி

துணி நாலு தடவை.

மார்ச் 17, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. மாமாவுக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். காய்ச்சல் இல்லை.

எல்லாரும் போன பிறகு அவருக்குச் சவரம் பண்ணிவிட்டேன். நல்ல வெளிச்சம். அமைதியாக இருந்தார். கன்னத்தைத் துடைக்கும்போது என் முகத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். குழறல் இல்லை, பழைய பிரசங்கக் குரல்.

"லில்லி, ஹெட்மாஸ்டர் மக நவமணியைக் குத்தம் சொல்லாத. அது சின்னப் பிள்ளை. பயந்துட்டு. தெரியாதுன்னு சொல்லிட்டு. பொய் சொல்லுதான்னு எனக்கு அப்பமே தெரியும். ஆனா அந்த வார்த்தையை நான் பிடிச்சுக்கிட்டேன். எனக்கு அது சௌகரியமா இருந்துச்சு. கோபுரம் பாதியில நின்னுச்சு, பாத்துக்கோ. தப்பு என்னுதுதான். பிள்ளையை ஒண்ணும் சொல்லாத."

அவர் கன்னத்தில் மிச்சமிருந்த சோப்பைத் துடைத்தேன்.

மார்ச் 10-ல் நான் ஒரு பொய் எழுதியிருக்கிறேன். ஐயர் விசாரித்தார். என்னைத்தான் விசாரித்தார். கோயில் பக்கத்து அறையில், அங்கிகள் தொங்குகிற இடத்தில், ஒரு சனிக்கிழமை சாயங்காலம். லில்லி என்னைச் சாட்சியாகச் சொல்லியிருந்தாள். ஏனென்றால் அவர்கள் இருவருக்கும் நடுவில் கடிதம் கொண்டுபோய்க் கொடுத்தது நான். ஏழு மாதம். என் பாட்டுப் புத்தகத்துக்குள் வைத்து.

"உனக்கு ஏதாச்சும் தெரியுமா நவமணி?"

"எனக்குத் தெரியாது ஐயா."

கடிதம் சுமந்தது தெரிந்தால் அப்பா என்னைக் கொன்றுபோடுவார் என்று நினைத்தேன். அது உண்மைதான். ஆனால் அது மட்டும் உண்மையில்லை. பொருளாளர் வீட்டையும் ஐயர் வீட்டையும் பகைத்துக்கொண்டால் எனக்கு அந்த ஊரில் என்ன கிடைக்கும் என்றும் கணக்குப் போட்டேன். கணக்கில் நான் எப்போதும் கெட்டிக்காரி. ஐந்து வருஷத்தில் ஐயர் வீட்டுக்கே மருமகளாக வந்தேன். பொய்க்காரி என்று தெரிந்தே மகனுக்குக் கட்டி வைத்திருக்கிறார் அந்த மனுஷன். முப்பத்தொரு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் நாங்கள் இருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது, நான் யாரென்றே தெரியாத நேரத்தில், எனக்காகப் பரிந்து பேசுகிறார். அதுவும் லில்லியிடம்.

குனிந்து பாட்டு எண்ணைத் தேடியவர்களைக் கோழைகள் என்று எழுதினேன். நான் தேடவில்லை. எனக்கு எண் மனப்பாடமாகத் தெரியும். நிமிர்ந்து நின்று பாடினேன்.

மார்ச் 20, புதன்

என் பெரியம்மா மகளுக்குப் போன் செய்தேன். லில்லி அம்பாசமுத்திரத்தில் பெண்கள் விடுதி ஒன்றில் சமையல் வேலை. மகள் நர்ஸாம்.

"எதுக்குக் கேக்க?" என்றாள்.

"சும்மா."

மார்ச் 23, சனி

மாமாவைப் பார்த்துக்கொள்ள இவரை உட்கார வைத்துவிட்டுப் போனேன். "எப்படி, நான் மட்டுமா?" என்றார், சிங்கத்தின் கூண்டில் விட்டுப் போகிற மாதிரி. "உங்க அப்பாதான். கடிக்க மாட்டாரு" என்றேன்.

இரண்டு பஸ். விடுதிக்குப் பின்பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் லில்லி அக்கா பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். முடி முழுக்க வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. அரிவாள்மணையை விட்டு எழவில்லை.

"ஹெட்மாஸ்டர் மகளா. என்ன, பஸ் மாறி ஏறிட்டியா?"

எப்படிப் பேச வேண்டும் என்று வழியெல்லாம் ஒப்பித்துக்கொண்டு போயிருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டு, "ஐயருக்கு நினைவு தப்பிட்டு. உங்க பேரைச் சொல்லிட்டே இருக்காவ" என்றேன்.

"சொல்லட்டும். நல்ல பேருதான்."

"அக்கா, அன்னைக்கு என்கிட்ட கேட்டாவ. நான் தெரியாதுன்னுட்டேன்."

"அது எனக்குத் தெரியும்டி. கதவுக்கு வெளிய நான்தான நின்னேன்." பூசணித் துண்டைச் சட்டியில் தள்ளினாள். "நீ ஆமான்னு சொல்லுவன்னு நின்னேன். தெரியாதுன்ன. அதுக்கப்புறம் நீ வெளிய வந்து என்னைத் தாண்டிப் போன. தலையைக்கூடத் திருப்பல."

அதை நான் மறந்திருந்தேன். இல்லை. மறக்கவில்லை.

"மன்னிச்சுக்கிடுங்க அக்கா."

லில்லி அக்கா பூசணியைக் கீழே வைத்துவிட்டு என்னை நன்றாகப் பார்த்தாள்.

"லெந்து நாளு பாத்து வந்திருக்க. உன் மனசைக் கழுவிட்டுப் போக நான் என்ன ஆத்துத் தண்ணியா? கொட்டகையில வந்து காதோட காதா மன்னிப்புக் கேக்க. என் பேரை மட்டும் முந்நூறு பேர் கேக்க வாசிச்சாவ."

பூசணியை மறுபடி எடுத்தாள்.

"இங்கயும் கோயிலுக்குப் போறேன். கடைசி பெஞ்சுல இருந்துட்டு வந்துருவேன். முப்பத்தாறு வருஷமா திருவிருந்து எடுக்கல. இங்க யாரும் என்னைத் தடுக்கல, நான்தான் போகல. எங்க வச்சு என் பேரை எடுத்தாவளோ அங்க வச்சுத்தான் திரும்பப் போடணும். நீ போ. நூத்திருபது பிள்ளைகளுக்குக் குழம்பு வைக்கணும்."

சாப்பிடுகிறாயா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் உட்கார்ந்திருப்பேன்.

வீட்டுக்கு வந்தால், மாமா ஈரத்தோடு கிடக்கிறார். இவர் முன்னறையில் கைக்குட்டையோடு. "உனக்காகத்தான் காத்திருந்தோம்" என்றார்.

மார்ச் 26, செவ்வாய்

இவரிடம், "விழாவில் சாட்சி சொல்கிறேன்" என்றேன். சந்தோஷத்தில் தங்கத்துரை அண்ணாச்சிக்கு உடனே போன் போட்டார். ஸ்பீக்கரில் அண்ணாச்சியின் குரல்: "ஆண்டவர் பெரியவர்!"

மார்ச் 29, புனித வெள்ளி

மூன்று மணி நேரம் ஏழு பிரசங்கம். ஏழு பேரும் பக்கத்து வீட்டுக்காரனின் பாவத்தைப் பற்றியே பேசினார்கள். நானும் அப்படித்தான் நாற்பது நாளாக இந்த நோட்டில் எழுதியிருக்கிறேன்.

மார்ச் 31, ஈஸ்டர்

கிரேஸ் சுகிர்தா மீன் குழம்பு கொடுத்தனுப்பியிருந்தாள். நன்றாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 7, ஞாயிறு

நோட்டில் நாற்பது பக்கம் முடிந்துவிட்டது. வேறு தாள்களைப் பின்னட்டைக்குள் செருகி எழுதுகிறேன்.

மாமாவுக்கு மாத்திரை கொடுக்கவில்லை. கொடுத்தேன் என்று இவரிடம் சொன்னேன். வெள்ளை அங்கி போட்டுச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தோம். அமைதியாக மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கத்துரை அண்ணாச்சி பொன்னாடை போர்த்தினார். நாலு பேர் பேசினார்கள். கோபுரம், கோபுரம் என்று.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். எழுதி வைத்திருந்த தாளைத்தான் வாசித்தேன்.

"1988 ஆகஸ்டில் இதே இடத்தில் நின்று ஒரு பெயரைத் திருவிருந்திலிருந்து நீக்கி வாசித்தார்கள். லில்லி புஷ்பம். அன்றைக்கு வாசித்திருக்க வேண்டிய பெயர்கள் இன்னும் மூன்று உண்டு. லில்லி சுமந்த பிள்ளைக்குத் தகப்பன் யார் என்று தெரிந்தும் மறைத்தவர், என் மாமனார் ஞானசிகாமணி ஐயர்."

என் வீட்டுக்காரர் மைக் செட்காரரைப் பார்த்துக் கையை ஆட்டுவது தெரிந்தது. மைக் செத்தது. முட்டாள்தனம். ஐம்பத்தைந்து பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் இருபத்தேழு வருஷம் மைக் வைத்தா பாடம் நடத்தினேன்?

"கேட்டபோது தெரியாது என்று பொய் சொன்னவள், நவமணி எட்வின். அந்தப் பிள்ளைக்குத் தகப்பன், தங்கத்துரை."

அவ்வளவுதான் எழுதியிருந்தேன். மடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். தங்கத்துரை அண்ணாச்சி எழுந்து, "டீச்சருக்கு ஓய்வு தேவை, பாவம், பராமரிப்புல களைச்சுட்டாவ" என்றார். சிலர் தலையாட்டினார்கள். தலையாட்ட எப்போதும் ஆள் உண்டு. முன் பெஞ்சிலிருந்த அவர் மனைவி மட்டும் எழுந்து, அவரைப் பார்க்காமல், பக்கவாசல் வழியாக வெளியே போனாள். அவளை நான் நினைத்தே பார்க்கவில்லை. அதுவும் என் கணக்கில்தான் சேரும்.

சின்ன ஐயர் எழுந்து வந்தார். முகம் வெளுத்திருந்தது. மூடி மறைக்கப்போகிறார் என்று நினைத்தேன். "சபை முன் எடுக்கப்பட்ட பெயர் சபை முன் திரும்பச் சேர்க்கப்படுகிறது. லில்லி புஷ்பத்துக்குத் திருவிருந்து உண்டு" என்றார். இந்த நோட்டை அச்சடித்த மனுஷனிடமிருந்து இதை நான் எதிர்பார்க்கவில்லை.

ஏப்ரல் 8, திங்கள்

இவர் என்னோடு பேசவில்லை. செயலாளர் பதவி போய்விடுமாம். ஐக்கிய சங்கத்து வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். போன் நிம்மதியாக இருக்கிறது.

மத்தியானம் லில்லி அக்கா போன் செய்தாள். யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"மைக்கை அணைச்சுட்டாவளாமே?"

"ஆமா அக்கா."

"கேட்டுச்சா?"

"கடைசி பெஞ்சு வரைக்கும்."

போனுக்குள் பாத்திரம் உருளுகிற ஓசை.

"சரி. ஆராதனை எத்தனை மணிக்கு?"

ஏப்ரல் 11, வியாழன்

காலையில் எழுந்து பார்த்தால் மாமாவுக்குத் துணி மாற்றியிருந்தது. கோணல்மாணலாக, முடிச்சு தப்பாக. இவர் சமையல்கட்டில் கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. முடிச்சை அப்படியே விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு

திருவிருந்து ஞாயிறு. லில்லி அக்கா முதல் பஸ்ஸில் வந்தாள். மகளும் கூட. அந்தப் பெண்ணுக்குத் தங்கத்துரையின் நெற்றி. யாரும் எதுவும் சொல்லத் தேவையிருக்கவில்லை. அவர் இன்று கோயிலுக்கு வரவில்லை.

எங்கள் வரிசை முறை வந்ததும் லில்லி அக்கா நடு வழியாக நடந்துபோய் முழங்கால் போட்டாள். ஒரு பக்கம் மகள். மறுபக்கம் இடம் காலியாக இருந்தது. வரிசையில் வந்தவர்கள் கொஞ்சம் தள்ளித் தள்ளிப் போனார்கள். நான் எழுவதற்குள் கிரேஸ் சுகிர்தா பட்டுச்சேலையைத் தூக்கிக்கொண்டு வந்து, மூச்சு வாங்க, அந்த இடத்தில் தொப்பென்று முழங்கால் போட்டாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளைப் பற்றி இந்த நோட்டில் எழுதியதை அடிக்கலாம் என்று வீட்டுக்கு வந்த பிறகு பேனாவை எடுத்தேன். அடிக்கவில்லை. நான் எழுதியதுதான், கிடக்கட்டும். அங்கே நான் அவளுக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டேன்.

அப்பத்தைக் கையில் வாங்கிக்கொண்டு லில்லி அக்கா வெகுநேரம் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் வரிசை நின்றது. யாரும் முணுமுணுக்கவில்லை.

பிறகு வீட்டுக்கு வந்தாள். "அந்த மனுஷனைப் பாக்கணும்" என்றாள். மாமாவைத் தலையணையில் சாய்த்து உட்கார வைத்திருந்தேன். லில்லி அக்கா கட்டிலுக்கு முன்னால் போய் நின்றாள். இரண்டு மாதமாக அவள் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க யாரும்மா?"

"லில்லி."

"லில்லியா?" யோசித்தார். "நல்ல பேரு. எந்த ஊரு?"

லில்லி அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். "முப்பத்தாறு வருஷம்டி. காலையில எழுந்ததும் இந்த மனுஷனைத் திட்டிட்டுத்தான் அடுப்புப் பத்தவைப்பேன். எந்த ஊருன்னு கேக்காரு பாரு." சிரித்துக்கொண்டே முகத்தைச் சேலையால் மூடிக்கொண்டாள். தோள் வெகுநேரம் குலுங்கியது. அவள் மகள் வந்து முதுகில் கையை வைத்தாள்.

மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அழுகிறவளைப் பார்த்துப் பழக்கதோஷத்தில் கையைத் தூக்கினார். ஆசீர்வாதம் சொல்லத் தொடங்கி, பாதியில் வார்த்தை மறந்து, கையைத் தூக்கியபடியே உட்கார்ந்திருந்தார். லில்லி அக்கா அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கி மடியில் வைத்தாள்.

"போதும் ஐயா. கை வலிக்கும்."

அவருக்குச் சாப்பாட்டு நேரம். நான் கஞ்சிக் கிண்ணத்தைக் கொண்டுவந்தேன். லில்லி அக்கா அதை வாங்கி, ஒரு சொட்டு தன் கையில் விட்டுப் பார்த்தாள்.

"இவ்வளவு சூடாவா குடுப்ப?"

நாலு வருஷத்தில் இந்தக் கஞ்சியில் குறை சொன்ன முதல் ஆள். வாய் வரைக்கும் ஒரு பதில் வந்தது. விழுங்கிவிட்டு, ஆற்றுவதற்கு இன்னொரு கிண்ணம் எடுத்துக் கொடுத்தேன்.